எமோஜி என்னும் படவெழுத்து

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

இம்மாதக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, பெரியபுராணத்திலோ கந்தபுராணத்திலோ ஒரு பகுதியை எடுத்துக்கொள்வேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பேசுதற்கு என்னிலும் பன்மடங்கு தகுதி வாய்ந்தவர்கள் இச்சபையிலே அமர்ந்திருக்கின்றார்கள். ஆகவே, பெரியவர்களுக்குச் சற்றே புதியதும் இளைஞர்களுக்கு மிகப் பழகியதுமான ஒரு பொருளைத் தெரிந்துகொண்டேன். கைத்தொலைபேசிச் செய்திகளின் இடையிடையே தோன்றும் சிறு முகங்களும் கைகளும் பூக்களும் இதயங்களுமே அப்பொருள். எமோஜி என்பது அவற்றின் பெயர்.

இது விளையாட்டுப் பொருள்தானே, இதற்கு ஒரு பிரசங்கம் வேண்டுமா என்று சிலர் உள்ளூர நினைத்தல் கூடும். சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நம் வீடுகளில் பிள்ளை பிறந்த செய்தியும் வட்ஸ்அப்பில் வருகிறது. பரீட்சை முடிவும் அதிலேயே வருகிறது. கோயிற் கொடியேற்றமும் மரண அறிவித்தலும் அதிலேயே வருகின்றன. ஒரே குழுவில் எழுபது வயது அம்மம்மாவும் பதினேழு வயதுப் பேரனும், ஊரிலிருக்கும் அண்ணனும் றொறன்ரோவிலிருக்கும் தங்கையும் சேர்ந்திருக்கின்றார்கள். இவர்களெல்லோரும் ஒருவருக்கொருவர் அனுப்பும் இச்சிறு படங்களை எல்லோரும் ஒரே விதமாகவே விளங்கிக்கொள்கின்றார்களா? இல்லை என்பதே என் விடை. எமோஜியின் பொருள் படத்திலே முழுமையாக இல்லை. அனுப்புவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையே உள்ள வழக்கிலே இருக்கின்றது. இதனை உணர்ந்தால் அது நல்ல துணை; உணராவிட்டால் வீண் மனத்தாங்கலுக்கு வித்து. இன்று நான் சொல்லவந்தது இவ்வளவே.

முதலில், இது ஏன் தோன்றிற்று என்பதைப் பார்ப்போம். நாம் நேரிலே பேசும்போது சொல் மாத்திரம் பேசுவதில்லை. முகம் பேசுகிறது, குரல் பேசுகிறது, கை பேசுகிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். அவர் கண்ட வகை எட்டு. "நீ பெரிய ஆள்தான்" என்ற வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னால் அது பாராட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் அது குத்தல். எழுத்திலோ இரண்டும் ஒன்றுதான். எழுத்து முகமில்லாத பேச்சு.

நம் முன்னோர் கடிதம் எழுதிய காலத்தில் இக்குறையை வேறு வழிகளால் நிரப்பினார்கள். தாளின் தலையில் பிள்ளையார் சுழியிட்டுச் சிவமயம் என்று எழுதினார்கள்; மங்கல அழைப்பின் மூலைகளில் மஞ்சள் பூசினார்கள். பிள்ளையார் சுழியை அகராதியில் ஒரு சொல்லாகக் கொண்டு பொருள் தேடுவோமா? மஞ்சள் ஓர் எழுத்தா? அல்லவே. ஆயினும் அவற்றைக் கண்டமாத்திரத்தில் பொருள் விளங்கிற்று. ஏன்? எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரே வழக்கு இருந்தமையால். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்கே திரும்புவோம்.

கணினிவழி எழுதத் தொடங்கியவர்களுக்கும் இதே குறை நேர்ந்தது. அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஆசிரியரும் மாணவரும் கணினி அறிவித்தற் பலகையொன்றிலே கருத்துப் பரிமாறி வந்தனர். ஒருவர் வேடிக்கையாக எழுதியதை இன்னொருவர் மெய்யென்று கொண்டு குழம்புவது அங்கே வழக்கமாயிற்று. 1982 ஆம் ஆண்டு செப்டெம்பர் 19 ஆந் தேதி ஸ்கொற் பால்மன் என்னும் கணினி அறிஞர் ஒரு யோசனை கூறினார்: வேடிக்கையாக எழுதியதன் இறுதியில் ஒரு முக்காற்புள்ளியும், ஒரு சிறு கோடும், ஒரு பிறையடைப்பும் இடுங்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தோன்றும் என்றார். பிறையைத் திருப்பிப் போட்டால் வாடிய முகம். புதிய எழுத்தொன்றும் படைக்கவில்லை. இருந்த குறிகளைக் கொண்டே எழுத்துக்கு முகங் கொடுத்தார்.

அடுத்த படி யப்பானிலே நிகழ்ந்தது. எமோஜி என்பதே யப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. ஆகவே தமிழில் படவெழுத்து என்று சொல்வது பொருத்தம். உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. 1997 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமொன்று 90 படவெழுத்துக்களைக் கொண்ட கைத்தொலைபேசியை வெளியிட்டது. ஆயினும் அவை பரவுதற்குக் காரணமாயிருந்தது 1999 இல் டொகோமோ நிறுவனம் தொடங்கிய சேவையே. அதற்காக ஷிகெதக்கா குரித்தா என்னும், முப்பது வயதை எட்டாத இளைஞர், 176 படவெழுத்துக்களை அமைத்தார். ஒவ்வொன்றும் நீளத்தில் 12, அகலத்தில் 12, ஆக 144 புள்ளிகளுக்குள் அடங்கவேண்டும். குங்குமப் பொட்டளவு இடத்திலே சூரியனையும் மழையையும் புகையிரதத்தையும் இதயத்தையும் அவர் வரைந்தார். வானிலை அறிக்கைக் குறிகளும் தெருக் குறிகளும் யப்பானியச் சித்திரக் கதைகளும் அவருக்கு வழிகாட்டின. அந்த 176 படங்களையும் 2016 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது.

ஆனால், ஒரு நிறுவனத்தின் தொலைபேசியிலிருந்து அனுப்பிய படம் இன்னொரு நிறுவனத்தின் தொலைபேசியிலே வேறொன்றாகவோ வெற்றிடமாகவோ தோன்றிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் படங்களுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்ததே காரணம். இந்தத் துன்பம் நமக்குப் புதிதன்று. பாமினி எழுத்துருவிலே தட்டிய தமிழ்க் கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தவர்கள் இச்சபையில் இருப்பீர்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகக் கிடக்கும். அதற்கு மருந்தாக வந்தது ஒருங்குறி, அதாவது யுனிக்கோட். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத ஓர் எண்ணை அது வழங்குகின்றது. தமிழ் 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. 'அ' என்ற எழுத்தின் எண் 2949. 'க' வின் எண் 2965. இலங்கையிலும் மலேசியாவிலும் கனடாவிலும் அதே எண்தான். 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியின் ஆறாம் பதிப்பு படவெழுத்துக்கள் நூற்றுக்கணக்கானவற்றையும் சேர்த்துக்கொண்டது. கைகூப்பிய படத்துக்கு 128591, கண்ணீர் மல்கச் சிரிக்கும் முகத்துக்கு 128514 என இன்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 2024 இல் வெளியான பட்டியலின்படி, கூட்டுப் படங்களையுஞ் சேர்த்து 3,700 க்கு மேற்பட்டவை உள்ளன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் அனுப்புவது படத்தையன்று, எண்ணையே அனுப்புகிறோம். அந்த எண்ணுக்குரிய படத்தைப் பெறுபவருடைய தொலைபேசி தன்னிடமுள்ள சித்திரங்களிலிருந்து எடுத்துக் காட்டுகின்றது. அப்பிள் ஒரு விதமாக வரைகின்றது; கூகிள் ஒரு விதம்; சாம்சங் ஒரு விதம். ஒரே எழுத்தைப் பல ஆசிரியர்கள் பல கையெழுத்தில் எழுதுவது போல. கையெழுத்து வேறுபட்டாலும் 'க', 'க' தான். முகமோ சற்று வேறுபட்டால் பொருளே வேறுபடும்.

இப்படங்கள் கூடும் முறையும் தமிழ் கற்றவர்க்கு எளிதில் விளங்கும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதுபோல, இங்கும் ஒன்றோடொன்று கூடிப் புதியது பிறக்கின்றது. உயர்த்திய பெருவிரலோடு ஒரு நிற எண்ணைச் சேர்த்தால் அந்நிறக் கை தோன்றும். இவ்வாறு ஐந்து தோல் நிறங்களை 2015 இல் சேர்த்தார்கள். தந்தை, தாய், மகள் ஆகிய மூன்று படங்களைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியால் தொடுத்தால் ஒரு குடும்பம் தோன்றும். பழைய தொலைபேசியிலோ அக்குடும்பம் பிரிந்து மூவராய்த் தனித்தனி நிற்கும். நம் நாட்டுக் கொடியும் அப்படியே. எல், கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துக் குறிகள் சேர்ந்தே சிங்கக் கொடியாகின்றன. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் கொடிக்குப் பதிலாக அவ்விரண்டு எழுத்துக்களே தோன்றுவதன் காரணம் இதுதான்.

நிற்க. இவற்றை எங்கே தேடுவது, எப்படி எடுப்பது என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். கைத்தொலைபேசியில் எழுதும் விசைப்பலகையின் ஓரத்தில் சிரித்த முகம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் முகங்கள், விலங்குகள், உணவு, பிரயாணம், பொருட்கள், குறிகள், கொடிகள் என வகைவகையாகப் படங்கள் விரியும். ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்றைக் கண்ணாலே தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். ஆதலால், பெரும்பாலான விசைப்பலகைகளில் மேலே ஒரு தேடற்பெட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டிய பொருளின் பெயரை அதிலே தட்டினால் படம் முன்னே வரும். கைப்படத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் தோல் நிறங்கள் தோன்றும். விண்டோஸ் பத்தாம் பதிப்பிலும் அதன்பின் வந்ததிலும் விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் ஒருங்கே அழுத்தினால் படவெழுத்துப் பெட்டி திறக்கும். அப்பிள் கணினியில் கொன்றோல், கொமாண்ட், இடைவெளி என்ற மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தவேண்டும்.

நம் சமயத்தவர் விரும்பித் தேடுவன சில. கோயில், அகல் விளக்கு, சேலை, ஓட்டோ ஆகிய நான்கும் 2019 இல் சேர்ந்தன. மயில் 2018 இல் வந்தது. படவெழுத்துப் பட்டியலில் உள்ள ஓங்காரம் தேவநாகரி வடிவினது. தமிழ் வடிவ ஓங்காரமும் ஒருங்குறியில் உண்டு. 2008 இல் 3024 என்ற எண்ணோடு அது சேர்க்கப்பட்டது. ஆனால் அது படமன்று, எழுத்து. ஆகையால் அதைத் தமிழ் எழுத்துக்களிடையே தேடவேண்டும்.

படத்தைக் கண்டுபிடித்தல் பாதி வேலை. அதன் பொருளை அறிதல் மறு பாதி. ஐயம் எழுந்தால் எமோஜிபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைப் பார்க்கலாம். 2013 இல் தொடங்கிய அத்தளம், ஒவ்வொரு படமும் எந்தெந்தத் தொலைபேசியில் எப்படித் தோன்றும், எவ்வெப் பொருளில் வழங்குகிறது என்பவற்றைத் தருகின்றது.

இனி என் முதன்மைக் கருத்துக்கு வருகின்றேன். பொருள் படத்தில் இல்லை, வழக்கிலே உள்ளது என்றேன். கைகூப்பிய படத்தையே எடுத்துக்கொள்வோம். அது பிறந்த யப்பானில், தயவுசெய்யுங்கள் என்ற வேண்டுதலையும் நன்றியையும் அது குறிக்கும். நான் பயின்றது ஒரு மிஷன் பாடசாலையில். அவ்வகுப்பு நண்பர்களின் குழுவில் கிறிஸ்தவ நண்பர் அதை அனுப்பினால், உனக்காக ஜெபிக்கின்றேன் என்பது பொருள். சைவ நண்பர் அனுப்பினால் வணக்கம். ஆசிரியருக்கு எல்லோரும் அனுப்பினால் நன்றி. மேல்நாட்டார் சிலர் அதை இருவர் உள்ளங்கைகளைத் தட்டிக்கொள்வதாகவும் கண்டதுண்டு. எண் ஒன்று, படம் ஒன்று; பொருளோ ஐந்து. இவற்றுள் எது பிழை? ஒன்றும் பிழையன்று.

அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2016 இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நிறுவனம் வரைந்த ஒரே படத்தைப் பலரிடங் காட்டி, இது நல்லுணர்ச்சியா, தீயுணர்ச்சியா, நடுநிலையா என்று கேட்டபோது, நூற்றுக்கு 25 பங்கில் அவர்கள் தம்முள் ஒன்றுபடவில்லை. அக்காலத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகமொன்றை அப்பிள் வரைந்த விதம், வேறு தொலைபேசியில் சிரிப்பாகத் தோன்றியதைப் பல்லைக் கடிப்பதுபோலக் காட்டிற்று. இன்னுமொன்று: 2016 இல் அப்பிள் நிறுவனம் கைத்துப்பாக்கிப் படத்தைப் பச்சை நீர்த்துப்பாக்கியாக மாற்றிற்று. மற்றைய பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 2018 இலேயே அவ்வாறு மாற்றின. இடைப்பட்ட காலத்தில், "நாளைக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் விளையாட்டாக அனுப்பிய நீர்த்துப்பாக்கி, நண்பனின் கையில் மெய்த் துப்பாக்கியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இவை தூரத்து உதாரணங்கள். நம் வீட்டு உதாரணத்துக்கு வருவோம். குழுவிலே ஒரு மரண அறிவித்தல் வருகின்றது. முதியவர் ஒருவர், "ஆழ்ந்த அனுதாபம்" என்று எழுதி, அதன் கீழே கண்ணீர் மல்கச் சிரிக்கும் முகத்தை இடுகின்றார். 2015 ஆம் ஆண்டின் சொல்லாக ஒக்ஸ்போர்ட் அகராதியார் தெரிந்தெடுத்தது இதே முகத்தைத்தான். அதைக் கண்டதும் இளைஞர் சிலர் தமக்குள் நகைக்கின்றனர். அச்செய்தியைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகின்றனர். சகோதரர்களே, ஒரு கணம் நிதானியுங்கள். அப்படத்திலே இரண்டு பெருங் கண்ணீர்த் துளிகள் இருக்கின்றன. முதியவர் கண்டது கண்ணீரை. இளைஞர் கண்டது சிரிப்பை. படத்திலே இரண்டும் உண்டு. மங்கிய பார்வையும் சிறிய திரையும் உள்ள ஒருவர் கண்ணீரைத் தேடிக் கண்ணீரை எடுத்தார். அவர் துக்கம் மெய்யானது.

இதன் மறுபக்கத்தையும் பெரியவர்கள் கேட்கவேண்டும். இன்றைய இளைஞர் பலர், சிரிப்புத் தாங்கமுடியவில்லை என்பதற்கு ஓவென்றழும் முகத்தையும், சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்பதற்கு மண்டையோட்டையும் இடுகின்றனர். பேரன் அனுப்பிய மண்டையோட்டைக் கண்டு, யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று ஏங்கித் தொலைபேசி எடுக்கும் அம்மம்மாமார் இருக்கின்றார்கள். ஆக, முதியவர் அழுவதாக எண்ணிச் சிரிப்பை அனுப்புகின்றார். இளைஞர் சிரிப்பதற்காக அழுகையை அனுப்புகின்றார். இருவரும் தத்தம் வழக்கிலே சரியாகத்தான் எழுதுகின்றார்கள். இடையிலே வழக்குத்தான் இரண்டாகிவிட்டது.

இதனால் பண நட்டமும் வரலாம் என்பதற்கு ஒரு வழக்கு. 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துத் தானியக் கொள்வனவாளர் ஒருவர், 86 தொன் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்துமாறு கேட்டார். விவசாயி உயர்த்திய பெருவிரல் ஒன்றை மறுமொழியாக அனுப்பினார். அறுவடைக் காலத்தில் விலை ஏறிவிட்டது. விதை வந்து சேரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்றே விரலைக் காட்டினேன், உடன்பட்டேன் என்றன்று, என்பது விவசாயியின் வாதம். நீதிமன்றம் 2023 இல், அவர் 82,000 கனடிய டொலருக்கு மேல் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்த்தது. மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2024 இல் அத்தீர்ப்பை நிலைநிறுத்திற்று. நீதிபதி எதனைக் கொண்டு பொருள் கண்டார் என்பதே நமக்கு முக்கியம். அவ்விருவரும் முன்னர் செய்துகொண்ட வியாபாரங்களில், சரி, ஆம் என்ற சிறு மறுமொழிகளையே உடன்பாடாகக் கொண்டு விதை கைமாறியிருந்தது. அந்தப் பழைய வழக்கைக் கொண்டே விரலின் பொருள் நிச்சயிக்கப்பட்டது. படம் எங்கும் இதையே குறிக்கும் என்று அவர் கூறவில்லை. இவ்விருவரிடையே, இச்சந்தர்ப்பத்தில் இதைக் குறித்தது என்றார்.

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்க சில ஒழுக்கங்களை உங்கள் முன் வைக்கின்றேன். கட்டளையாகவன்று, யோசனையாகவே.

முதலாவது, அனுப்புமுன் பெறுபவரை நினைத்தல். நண்பனுக்கு அனுப்பும் கண்சிமிட்டலை ஆசிரியருக்கோ மாமியாருக்கோ அனுப்பலாமா என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் போதும்.

இரண்டாவது, துக்கத்திலே சொல்லை முன்வைத்தல். இழவு வீட்டாருக்கு அழும் முகத்தை மாத்திரம் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போவது, வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஒப்பாகும். "அப்பா என்னோடு கோயில் வீதியில் நின்று கதைப்பார், அவரை மறக்கமாட்டேன்" என்ற ஒரு வரி, நூறு கண்ணீர் முகங்களிலும் மேலானது. அது அந்த ஒருவரைப் பற்றியது. படம் எல்லோருக்கும் பொதுவானது.

மூன்றாவது, பணம், காணி, கலியாணம், உத்தியோகம் என்பன பற்றிய பேச்சில் உடன்பாட்டையும் மறுப்பையும் எழுத்திலே தெளிவாகச் சொல்லுதல். பெருவிரலை நம்பி விதைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

நான்காவது, அளவு. பார்வையற்றோர் தம் தொலைபேசியிலுள்ள வாசிப்பானைக் கொண்டு செய்திகளைக் கேட்கின்றார்கள். அது ஒவ்வொரு படத்தின் பெயரையும் உரத்து வாசிக்கும். நாம் உற்சாகத்தில் கைதட்டும் படத்தைப் பன்னிரண்டு முறை இட்டால், அவர் காதில் கைதட்டல் என்ற சொல் பன்னிரண்டு முறை ஒலிக்கும். அதன் பின்னர்தான் நாம் எழுதிய சொல் வரும். ஒன்று போதும், அதையும் வாக்கியத்தின் முடிவிலே இடுவது நலம்.

ஐந்தாவதும் முக்கியமானதும், வாசிப்போர்க்கு உரியது. ஐயமான படம் வந்தால் நல்ல பொருளை முதலிற் கொள்ளுங்கள், விளங்காவிட்டால் கேளுங்கள். "தம்பி, இதுக்கு என்ன கருத்து?" என்று கேட்பதில் பெரியவர்க்குச் சிறுமையில்லை. "அம்மம்மா, அது சிரிக்கிற முகம், இதுதான் அழுகிறது" என்று தனியாக, மெதுவாகச் சொல்லிக் கொடுப்பதில் இளைஞர்க்கும் நட்டமில்லை. குழுவிலே பலர் காணத் திருத்துவது மாத்திரம் வேண்டாம்.

எமோஜியினால் தமிழ் அழிந்துபோகும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களது அச்சத்தை நான் அலட்சியஞ் செய்யமாட்டேன். படம் கைக்கு எளிது, சொல் தேடவேண்டியது. எளியதையே எப்போதும் எடுப்பவனுக்குச் சொல் மெல்லமெல்ல மறந்துபோகும் என்பது உண்மைதான். வாழ்த்துக்கும் படம், நன்றிக்கும் படம், மன்னிப்புக்கும் படம் என்றிருப்பவன், ஒருநாள் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் சொல்லின்றி நிற்பான்.

ஆயினும், வெளிநாடுகளிலே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பலருக்குத் தமிழ் காதாற் கேட்டால் விளங்கும், எழுத வராது. ஊரிலுள்ள அப்பப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது. பேத்தி ஒரு சூரியனையும் ஒரு தேநீர்க் கோப்பையையும் அனுப்புகின்றாள். அப்பப்பா ஒரு கைகூப்பலையும் ஒரு பூவையும் அனுப்புகின்றார். காலை வணக்கம் கடலைத் தாண்டிவிட்டது. அந்தப் பாலத்தை இடிக்க எனக்கு மனமில்லை. ஆனால் பாலம் இருப்பது நடந்து கடப்பதற்காக. அப்பப்பா அந்தப் பூவின் பக்கத்திலே 'பூ' என்ற ஓரெழுத்தையும் எழுதி அனுப்பட்டும். நாளைக்குப் பேத்தி அதைத் திருப்பி எழுதுவாள். இவ்வாறு படத்தைத் தமிழுக்கு எதிரியாக்காமல் அரிச்சுவடியாக்கலாம்.

இறுதியாக ஒன்று. இப்பெரும் பட்டியலில் தென்னை போன்ற ஒரு மரம் உண்டு; பனை இல்லை. சோற்றுக் கிண்ணம் உண்டு, இடியப்பம் இல்லை. இல்லை என்று முறையிடுவதோடு நிற்கவேண்டியதில்லை. யாரும் காரணங் காட்டி ஒருங்குறி அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். பெர்லின் நகரில் வாழ்ந்த 15 வயதுச் சவூதி மாணவி ஒருத்தி, தன்னைப்போலத் தலையை மறைத்து முக்காடு அணிந்த பெண்ணின் படம் இல்லையே என்று 2016 இல் விண்ணப்பித்தாள். அடுத்த ஆண்டே அப்படம் உலகத் தொலைபேசிகளுக்கு வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையால் இயன்றது, இத்தனை இளைஞரைக் கொண்ட ஒரு சங்கத்தால் இயலாதா? விண்ணப்பம் எழுதுதற்குப் படம் போதாது. நல்ல சொற்கள் வேண்டும், திருத்தமான காரணங்கள் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அமைகின்றேன்.